களம் திறந்து வைத்தவர்: பயிற்றுவிப்பாளர் கிளீவ்லண்ட் அபொட்

(க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு மாணவி)

விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் பத்திரிகையைப் புரட்டினால், வெற்றிக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருப்பவரின் படத்தைக் காணலாம். அவருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும், போட்டிக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவரும் பெரும்பாலும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. அப்படிப் படத்துக்கு வெளியே நின்ற ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையை எழுதுகின்றேன். அவர் பெயர் கிளீவ்லண்ட் லீ அபொட். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் சிறு நகரத்தில், கறுப்பின மாணவர்களுக்காக நடத்தப்பட்ட கல்லூரியொன்றின் விளையாட்டுத் துறைக்கு 1923ஆம் ஆண்டு முதல் 1955இல் மரணிக்கும் வரை பொறுப்பாக இருந்தவர் அவர்.

அமெரிக்க விளையாட்டு வரலாறு அவரை முதலில் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளராகவே நினைவுகூர்கிறது. நாம் இங்கே ஆடும் ஆட்டமல்ல அது. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டம். 32 பருவங்களில் அவருடைய அணி 202 வெற்றிகளைப் பெற்றது. ஆனால் அவரைப் பற்றி வாசித்தபோது என் மனதில் தங்கியது அந்த எண்ணிக்கை அல்ல. பெண் பிள்ளைகள் போட்டியிட்டு விளையாடுவதே தகாது என்று கற்றவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், டெனிஸ் மைதானத்தையும் ஓடுபாதையையும் அவர் மாணவிகளுக்குத் திறந்து வைத்தார். திறந்ததை மூடாமல் முப்பது வருடங்கள் காத்தார். அதுதான் என்னை எழுத வைத்தது.

அபொட் பிறந்தது 1890களின் முற்பகுதியில், அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள தென் டகோட்டா மாநிலத்தில். வோட்டர்டவுன் என்னும் ஊரில் வளர்ந்தார். கறுப்பினத்தவர் மிகச் சிலரே வாழ்ந்த மாநிலம் அது. பாடசாலையிலும், பின்னர் தென் டகோட்டா மாநிலக் கல்லூரியிலும் அவர் வெள்ளையின மாணவர்களோடு ஒரே அணியில் விளையாடினார். உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள் என்று கைவைத்த எல்லாவற்றிலும் சிறந்து விளங்கினார். விளையாட்டு வீரர் என்றால் பாடத்தில் பின்தங்கியவர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அபொட் பால் பண்ணைத் துறையைப் பாடமாக எடுத்துப் படித்து 1916இல் பட்டம் பெற்றவர். முதலாம் உலகப் போரின்போது கறுப்பினப் படைப்பிரிவொன்றில் அதிகாரியாகவும் பணியாற்றினார்.

அவர் பொறுப்பேற்ற டஸ்கீகியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்து கல்வியால் உயர்ந்த புக்கர் ரி. வொஷிங்டன் 1881இல் அந்தக் கல்லூரியின் முதல் தலைவரானார். மாணவர்களே செங்கல் அறுத்து, சூளையில் சுட்டு, தம் வகுப்பறைகளைக் கட்டி எழுப்பிய இடம் அது. நிலக்கடலை பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர் அங்கேதான் கற்பித்தார். ஆனால் கல்லூரி வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அன்று சட்டமே மனிதரை நிறத்தால் பிரித்து வைத்திருந்தது. பாடசாலை வேறு, வைத்தியசாலைப் பகுதி வேறு, பஸ் வண்டியில் ஆசனம் வேறு, தண்ணீர்க் குழாய்கூட வேறு. வெள்ளையருடன் தோளோடு தோள் நின்று விளையாடி வளர்ந்த அபொட், அவர்களோடு ஒரே மைதானத்தில் தன் மாணவர்கள் இறங்கவே முடியாத மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் முறைப்பாடு சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பிறர் மைதானத்தில் இடமில்லை என்றால் தம் மைதானத்திலேயே போட்டியை நடத்தலாம் என்று தீர்மானித்தார். 1927இல் டஸ்கீகி அஞ்சலோட்ட விழாவை ஆரம்பித்தார். கறுப்பினக் கல்லூரிகளும் பாடசாலைகளும் ஒன்றுகூடும் பெரிய மெய்வல்லுநர் விழாவாக அது வளர்ந்தது. இரண்டு வருடங்கள் கழித்து, 1929இல், அந்த விழாவில் பெண்களுக்கான ஓட்டப் போட்டிகளையும் சேர்த்தார்.

இன்று இதை வாசிக்கும்போது சாதாரண விடயமாகத் தோன்றலாம். அந்தக் காலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டியில்தான் பெண்கள் முதன்முறையாக மெய்வல்லுநர் போட்டிகளில் பங்குபற்றினார்கள். 800 மீற்றர் ஓட்டத்தின் முடிவில் சில வீராங்கனைகள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஓட்டம் முடிந்ததும் ஆண்களும் களைத்து விழுவதுண்டு. அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. பெண்களின் அந்த ஓட்டம் மட்டும் நிறுத்தப்பட்டு, 1960ஆம் ஆண்டுதான் மீண்டும் சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரிகளிலும் பெண்களின் உடற்கல்விக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் பலர் கடும் போட்டி பெண்களின் உடலுக்கும் குணத்துக்கும் கேடு என்று கருதினார்கள். பெண்கள் கூடிச் சிரித்து விளையாடலாம், வெற்றி தோல்வி கணக்கிடக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. எங்கும் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் டஸ்கீகியில் ஒரு கதவு திறந்தது.

டெனிஸ் உலகிலும் அதே 1929இல் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. ரெஜினோல்ட் வியர், ஜெரால்ட் நோர்மன் என்னும் இரண்டு கறுப்பின இளைஞர்கள் அமெரிக்கத் தேசிய கனிஷ்டப் போட்டிக்கு விண்ணப்பித்தபோது, நிறத்தின் காரணமாக நிராகரிக்கப்பட்டார்கள். இந்தப் புறக்கணிப்பை முன்பே உணர்ந்திருந்த கறுப்பினத்தவர்கள் 1916இலேயே அமெரிக்க டெனிஸ் சங்கம் என்ற பெயரில் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கி, 1917 முதல் தம் சொந்தத் தேசியப் போட்டிகளை நடத்தி வந்தார்கள். அபொட் அந்தச் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். தேசியப் போட்டிகளுக்குச் செல்லும்போது வெற்றியாளர்களை மட்டுமல்ல, நாளைய வெற்றியாளர்களையும் அவர் கண்கள் தேடின.

அப்படி அவர் கண்டுபிடித்தவர்கள்தான் பீற்றர்ஸ் சகோதரிகள். மூத்தவர் மார்கரட், இளையவர் ரொமேனியா. தலைநகர் வொஷிங்டனின் ஜோர்ஜ்ரவுன் பகுதியில் வீட்டுக்கு அருகிலிருந்த ரோஸ் பூங்காவில், மணலும் கல்லும் கலந்த தரையில் டெனிஸ் பழகியவர்கள். 1936ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் அவர்கள் ஆடியதைப் பார்த்த அபொட், இருவருக்கும் புலமைப்பரிசில் தந்து டஸ்கீகிக்கு வரும்படி அழைத்தார். டெனிஸ் ஆடுவதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணைக் கல்லூரி தேடிப் போய் அழைப்பது அன்று நினைத்தும் பாராத விடயம். அவர் ஒரே வீட்டிலிருந்து இருவரை அழைத்தார்.

சகோதரிகள் 1941இல் உடற்கல்வியில் பட்டம் பெற்றார்கள். அதற்குள் தேசிய இரட்டையர் பட்டம் அவர்களுடைய வீட்டுச் சொத்துப் போல ஆகிவிட்டது. 1938 முதல் 1941 வரை நான்கு தடவை, பின்னர் 1944 முதல் 1953 வரை பத்துத் தடவை. மொத்தம் 14 பட்டங்கள். கறுப்பினத்தவர் மத்தியில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் நாட்டின் பெரிய போட்டிகளில் ஒன்றிலாவது தங்கள் திறமையை உரசிப் பார்க்க அவர்களுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. வாயில் திறந்தபோது அவர்களுடைய இளமை கடந்துவிட்டது. இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு மிகவும் வலித்தது. திறமை இருந்தும் முயற்சி இருந்தும், நல்ல ஆசிரியர் இருந்தும், ஒருவருக்கு உரியது கிடைக்காமல் போகலாம். அபொட்டின் வாழ்க்கை இந்தக் கசப்பை மறைத்துக்கொண்டு சொல்லப்பட வேண்டிய கதை அல்ல.

இருந்தாலும் அந்த 14 பட்டங்களும் வீணாகவில்லை. 1946ஆம் ஆண்டு ஒற்றையர் இறுதிப் போட்டியில் ரொமேனியா ஓர் இளம் பெண்ணைத் தோற்கடித்தார். நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலிருந்து வந்த உயரமான பெண். பெயர் அல்தியா கிப்சன். தோற்றுப் போன அந்தப் பெண்ணின் ஆட்டத்தில் பெரும் எதிர்காலத்தைக் கண்ட இரண்டு கறுப்பின வைத்தியர்கள், அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுப் படிப்பையும் பயிற்சியையும் தொடர வைத்தார்கள். 1950இல் அமெரிக்கத் தேசிய டெனிஸ் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவராகவும், 1957இல் விம்பிள்டன் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவராகவும் கிப்சன் ஆனார். அவர் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். அமெரிக்க அரசு 1955இன் இறுதியில் ஆசிய நாடுகளுக்கு அனுப்பிய டெனிஸ் நல்லெண்ணக் குழுவில் ஒருவராக, பர்மா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளோடு இலங்கையிலும் அவர் ஆடினார். ரொமேனியாவைப் போன்ற எதிராளிகளோடு மோதித்தான் கிப்சனின் ஆட்டம் கூர்மை பெற்றது. அந்த எதிராளியை உருவாக்கிய கல்லூரி மைதானத்தின் பங்கையும் நாம் மறந்துவிடக் கூடாது.

டெனிஸில் மூடியே கிடந்த கதவு மெய்வல்லுநர் போட்டிகளில் சற்றே திறந்திருந்தது. அமெரிக்கத் தேசிய மகளிர் மெய்வல்லுநர் போட்டியில் கறுப்பினப் பெண்களும் பங்குபற்றலாம். அந்தச் சிறு இடைவெளிக்குள் அபொட் ஓர் அணியையே நுழைத்தார். கிறிஸ்டின் எவன்ஸ் பெற்றி போன்ற பெண் பயிற்றுவிப்பாளர்களும் அவரோடு இணைந்து உழைத்தார்கள். 1937இல் டஸ்கீகி மகளிர் அணி தேசியச் சம்பியனானது. 1951 வரையான 15 வருடங்களில் 14 தடவை அந்தப் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. தவறவிட்டது 1943ஆம் ஆண்டு மட்டும்தான்.

அந்த அணியின் பயணங்களை நினைத்துப் பார்க்கின்றேன். தென் மாநிலங்களில் வழியிலுள்ள உணவு விடுதிகள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. தங்குமிடங்களும் அப்படியே. ஆகவே ஒரு போட்டிக்குப் புறப்படுவது என்றால், எங்கே சாப்பிடுவது, எங்கே இரவு தங்குவது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது புரியாத விடயமல்ல. மாகாண மட்டப் போட்டிக்கு வெளியூர் போக வேண்டும் என்றால் உம்மாவும் வாப்பாவும் கேட்கும் முதல் கேள்விகள் என்ன? எந்த ஆசிரியை கூட வருகிறார், எங்கே தங்குவீர்கள், சாப்பாடு ஹலாலா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் இருந்தால் அனுமதி கிடைக்கும். பதில் சொல்ல ஆளில்லாதபோது திறமையான பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். ஒரு பயிற்றுவிப்பாளரின் பணியில் பாதி மைதானத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

அபொட்டின் மாணவிகளில் உலகம் அதிகம் அறிந்த பெயர் அலிஸ் கோச்மன். ஜோர்ஜியா மாநிலத்தின் அல்பனி நகரில் ஏழைக் குடும்பத்தில் 1923இல் பிறந்தவர். பயிற்சி மைதானங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லாததால் மண் பாதையில் வெறுங்காலோடு ஓடினார். தடியையும் கயிற்றையும் கட்டி உயரம் பாய்ந்து பழகினார். பெண் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் எதிர்ப்பும் இருந்தது. 16ஆவது வயதில் டஸ்கீகியின் பாடசாலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். கிடைத்த புலமைப்பரிசிலுக்குப் பதிலாக விளையாட்டுக் கூடங்களைத் துப்புரவாக்கவும், அணியினரின் ஆடைகளைத் தைத்துச் சீர்செய்யவும் வேண்டியிருந்தது. 1939 முதல் 1948 வரை தொடர்ந்து பத்து வருடங்கள் தேசிய உயரம் பாய்தல் சம்பியன் அவரே.

ஆனால் அவருடைய உடல் உச்ச வலுவில் இருந்த காலத்தில் உலகப் போர் நடந்தது. 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தபோது அவர் வேறொரு கல்லூரிக்கு மாறியிருந்தார். அங்கே 1.68 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜ் பதக்கத்தை வழங்கினார். ஊர் திரும்பியபோது ஊர்வலம் நடந்தது; ஆனால் வரவேற்பு மண்டபத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியாக அமர்த்தப்பட்டார்கள். மேடையில் இருந்த நகர மேயர் அவருக்குக் கைகொடுக்கவே இல்லை. மன்னரின் கையால் பதக்கம் பெற்ற பெண்ணுக்குச் சொந்த ஊர் செய்த மரியாதை அது!

இந்த இடத்தில் அபொட்டைப் பற்றி நான் எழுத வேண்டிய முக்கியமான விடயத்துக்கு வருகின்றேன். பல பயிற்றுவிப்பாளர்கள் வீரர்களை உருவாக்குவார்கள். அபொட்டின் களத்திலிருந்து பயிற்றுவிப்பாளர்களும் ஆசிரியைகளும் உருவானார்கள். பீற்றர்ஸ் சகோதரிகள் இருவரும் மேற்படிப்பு முடித்து வொஷிங்டனில் ஆசிரியைகளாகப் பணியாற்றினார்கள். ரொமேனியா வசதி குறைந்த சிறுவர்களுக்கு டெனிஸும் கற்பித்தார். 1948 ஒலிம்பிக்கில் ஓடிய டஸ்கீகி மாணவி நெல் ஜக்சன், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் மெய்வல்லுநர் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். அந்தப் பொறுப்பை வகித்த முதல் கறுப்பினத்தவர் அவர். அப்போது வயது 27 மட்டுமே. பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அபொட்டின் மகள் ஜெஸியும் தந்தையின் வழியிலேயே நடந்தார். 1940களில் டெனசி மாநிலக் கல்லூரியில் மகளிர் மெய்வல்லுநர் அணியை ஆரம்பித்து வைத்தவர் அவரே. அந்தக் கல்லூரியில் பயின்ற வில்மா ருடோல்ப், சிறு வயதில் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார் என்பதை நாம் பொது அறிவு நூல்களில் படித்திருக்கின்றோம். அந்த வரிகளுக்குப் பின்னால் டஸ்கீகியின் மைதானம் இருப்பதை நான் இப்போதுதான் அறிந்துகொண்டேன்.

என்னோடு ஒன்பதாம் தரம் வரை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஓடிய தோழி ஒருத்தி இருக்கிறாள். 100 மீற்றரில் அவளை எவராலும் பிடிக்க முடியாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது மாலை வகுப்புகள் கூடின, பயிற்சிகள் நின்றன. இன்று எங்கள் இல்லத்துக்காகப் புள்ளி எழுதும் மேசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் யாரும் அவளைத் தேடி வரவும் இல்லை. அபொட்டைப் பற்றி வாசிக்கும்போது அவள் முகமே என் கண்முன் நின்றது. தடை செய்வதால் மட்டும் திறமைகள் மறைந்து போவதில்லை. தேடுவாரின்றியும் அவை மறைந்து போகின்றன.

மார்க்கம் காட்டும் ஒழுங்கையும் உடையையும் பேணிக்கொண்டே நம் பெண் பிள்ளைகள் வலைப்பந்தாட்டத்திலும் மெய்வல்லுநர் போட்டிகளிலும் இன்று பிரகாசிக்கின்றார்கள். மதிலுக்குள் மைதானம் உள்ள மகளிர் கல்லூரிகளுக்கு இது பெரும் வாய்ப்பு. கறுப்பின மாணவிகளுக்கு டஸ்கீகியின் வளவு எப்படிப் பாதுகாப்பான களமாக இருந்ததோ, அப்படியே நம் கல்லூரி வளவும் நமக்கு இருக்கலாம். அதற்கு விலையுயர்ந்த உபகரணங்கள் முதலில் தேவையில்லை. வாரத்தில் சில மாலைகளும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியையும், பெற்றோரோடு பேசும் பொறுமையும் போதும். உயர்தரம் முடித்து வெளியேறும் அக்காமார் தம் தங்கைகளுக்குப் பயிற்சியளிக்கத் திரும்பி வந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை.

அபொட் 1955 ஏப்ரல் மாதம் டஸ்கீகியில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், டஸ்கீகியில் பிறந்த ரோசா பார்க்ஸ், அங்கிருந்து அதிக தூரமில்லாத மொன்ட்கோமரி நகரில், பஸ் வண்டியில் தன் ஆசனத்தை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். சமவுரிமைப் போராட்டம் நாடெங்கும் பற்றி எழுந்தது. அந்த மாற்றத்தையோ, கிப்சனின் விம்பிள்டன் வெற்றியையோ பார்க்க அபொட்டுக்கு ஆயுள் இருக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க மெய்வல்லுநர் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. டஸ்கீகிக் கல்லூரியின் விளையாட்டரங்கும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பயிற்றுவிப்பாளராக அவர் ஒருபோதும் ஒலிம்பிக் பதக்கம் அணிந்தவரல்லர். அவர் மைதானத்தில் பழகிய பெண்கள் அணிந்தார்கள்; அவர்கள் பழக்கிய பிள்ளைகளும் அணிந்தார்கள். தோழியரே, அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடி வருபவளுக்குக் கைதட்டுவோம். கைதட்டி முடிந்ததும், சென்ற வருடம் ஓடி இந்த வருடம் ஓடாமல் இருப்பவள் யார் என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்போம். அவளிடம் போய்ப் பேசுவோம். அபொட் செய்த வேலையும் அங்கேதான் தொடங்கியது.